மூணரை அண்ணாச்சியும் இரண்டாவது சரணமும்

டொக்.

நேற்று துபாய் மெட்ரோவில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் பாக்கெட்டிலிருந்து ஒயரை எடுத்தார், பொறுமையாகச் சிக்கெடுத்தார், நுனியைப் பிடித்துக் கையிலிருந்த பழைய போனின் ஓட்டைக்குள் அழுத்தினார். டொக். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போடுவதுபோல ஒரு சின்னச் சத்தம். இனி நான் இல்லை, யாரும் தேட வேண்டாம் என்று சொல்கிற சத்தம். பெட்டி நிறைய, பூண்டுப் பல்லைச் செருகியதுபோல காதில் வெள்ளையாக எதையோ மாட்டிக்கொண்ட இளைஞர்கள். ஒருவரும் நிமிரவில்லை. நான் மட்டும் இறங்க வேண்டிய ஸ்டேஷனில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்த உலகத்தில் பாட்டுக் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் வந்திருக்க வேண்டிய கோபத்தை, ஒற்றை ஆளாகப் பட்டுத் தீர்த்தவர் எங்கள் மூணரை அண்ணாச்சி. நாம் கோபப்படாமல் சும்மா இருந்ததால்தான் அவர் அவ்வளவு கோபப்பட வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று விசாவில் இருந்தது. விமான நிலைய கவுண்டரில் இருப்பவர்களைத் தவிர யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. தென்காசிப் பக்கத்து ஆள். ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அதே கிடங்கில் நான் ஸ்டோர் கீப்பர். பர் துபாயில் ஒரு பழைய கட்டடத்தின் ஹாலைத் திரைச்சீலை கட்டிப் பிரித்து ஆறு கட்டில்கள் போட்டிருந்தார்கள். ஜன்னலோரக் கட்டில் அவருடையது, அடுத்தது என்னுடையது. நடுவில் இருந்தது ஒரு துணிதான் என்பதால் அவருடைய கோபம் எதுவும் என்னைத் தவறவிட்டதில்லை.

பெயர் வந்த கதை இது. புதுப் போன் வாங்க வேண்டும் என்று மீனா பஜாருக்கு என்னையும் அழைத்துப் போனார். கடைக்காரப் பையன் மலையாளி. போனை எடுத்து வைத்ததும் அதன் கேமராவைப் பற்றி ஆரம்பித்தான். அண்ணாச்சி போனைத் தலைகீழாகப் பிடித்தார், பக்கவாட்டில் திருப்பினார், மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பதுபோல விளிம்பு முழுக்கப் பார்த்தார்.

“மூணரை எங்க?”

ஹெட்போன் குத்துகிற மூன்றரை மில்லிமீட்டர் ஓட்டையைத்தான் கேட்கிறார் என்று பையனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்துவிட்டு, இப்போது எந்த நல்ல போனிலும் அது வருவதில்லை, வேண்டுமானால் தனியாக ஒரு சின்ன ஒயர் இருக்கிறது, அதைப் போனில் மாட்டி, அந்த ஒயரின் மறுமுனையில் ஹெட்போனை மாட்டலாம் என்றான்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “பாத்தீரா தம்பி. இருந்த ஓட்டைய அடைச்சுப்புட்டான். இப்பம் அந்த ஓட்டையத் தனியா விக்கான்.”

அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்த எல்லாக் கடைகளிலும் ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் அதே கேள்வி, அதே பதில், அதே தீர்ப்பு. கடைசிக் கடையை நாங்கள் நெருங்கும்போதே வாசலில் நின்றவன் கையை ஆட்டி, “மூணரை மாஃபி, பாய், மாஃபி” என்றான், இல்லவே இல்லை என்று. செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஓட்டை இல்லாத போன் ஒன்றைத்தான், அந்தச் சின்ன ஒயரோடு, திட்டிக்கொண்டே வாங்கினார்.

ஒயர் இல்லாத இயர்போன் என்றாலே அவருக்கு உடம்பு எரியும். அதற்கு நியாயமும் இருந்தது. எங்கள் ஹாலில் எந்த நேரமும் ஷிப்ட் முடித்த யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஸ்பீக்கரில் பாட்டு வைப்பது கொலைக்குச் சமம். அதனால் எல்லோரும் காதில்தான் கேட்போம். திரைச்சீலை ஓரத்தில் ஒயர் தெரிந்தால் ஆள் பாட்டில் இருக்கிறார், கூப்பிடாதே என்று அர்த்தம். எழுதி வைக்காத சட்டம். அந்தச் சட்டத்தை உடைத்தவன் முருகேசன். விழுப்புரத்துக்காரன், ஏசி மெக்கானிக், எது புதிதாக வந்தாலும் முதலில் வாங்குகிறவன். ஒருநாள் என் சமையல் முறை. சாம்பாரை ஒரு கரண்டி எடுத்து அவன் வாயில் விட்டு, உப்புப் போதுமா என்று கேட்டேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே, இன்னும் போடு, நல்லாப் போடு என்றான். போட்டேன். மறுபடியும் போடு என்றான். ஊரில் அவன் மனைவி மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்ததும், அவன் காதுக்குள் அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள் என்பதும், ஆறு தட்டிலும் சோறு போட்ட பிறகுதான் தெரிந்தது. அண்ணாச்சி முதல் வாயை விழுங்கினார். ஒயர் ஒன்று தொங்கியிருந்தால் இந்தச் சாம்பாருக்கு இந்தக் கதி வந்திருக்குமா என்று நிதானமாகக் கேட்டார்.

போனிலேயே எல்லாப் பாட்டும் கிடைக்கிறதே அண்ணாச்சி, ஆப்பைப் போட்டால் போதுமே என்று அவனும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். ஒரு வாரம் போட்டுப் பார்த்தார். பாட்டுக்கு நடுவில் ஒருத்தன் வந்து பல் தேய்க்கச் சொல்லுகிறான், நான் காலையிலேயே தேய்த்துவிட்டேன் என்று அவனிடம் யார் போய்ச் சொல்வது என்றார். பிறகு ஒருநாள், அவர் தேடித் தேடிச் சேர்த்து வைத்த பாட்டுகளில் ஒன்று வெளிறிப்போய் அழுத்தினால் பாடாமல் கிடந்தது. உரிமை முடிந்துவிட்டதாம், எடுத்துவிட்டார்களாம். அன்றைக்குத்தான் அவர் குரல் உயர்ந்து முதன்முதலாகக் கேட்டேன்.

“கட்டிலு வாடகை. ஃப்ரிட்ஜுல ஒரு தட்டு, அதும் வாடகை. விசா மொதலாளியோடது, கபீலோடது. நான் கேக்கப் பாட்டுமா வாடகை? நேத்து இருந்தது இன்னைக்கு இல்லங்கான். காலி பண்ணிட்டுப் போன வீடா அது?”

யாரும் சிரிக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கும் கோபம் வருகிறது. நமக்குப் பிடித்த பாட்டை நம்மிடமிருந்து எடுத்துப் போக எவனுக்கோ ஒரு பித்தான் இருக்கிறது. நமக்குத்தான் பித்தானே இல்லை. வழவழவென்று ஒரு கண்ணாடியைக் கொடுத்துத் தடவிக்கொள் என்று சொல்லிவிட்டார்கள்.

அவரிடம் பித்தான் இருந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு பழைய பிளேயர். ஓரம் விரிசல் விட்டு இன்சுலேஷன் டேப் சுற்றியது. பாக்கெட்டுக்குள் கையை விட்டு, பார்க்காமலே, தடவிப் பாட்டு மாற்றுவார். காலையில் கம்பெனி பஸ் கிளம்பியதும் போனைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுத் தலைக்கு மேல் வைத்துவிடுவார். பிறகு டொக். ஜெபல் அலி வரும்வரை கண் மூடியிருக்கும். பாலைவனமும் பாலங்களும் கிரேன்களும் அவர் பார்க்காமலே ஓடும்.

அந்தப் பஸ் நேரம் அவருக்கு எதற்கு என்று ஒருநாள் சொன்னார். வீட்டுக்கு மூத்தவர். ஊரில் வீடு கட்டுகிறார்கள். தங்கைகள், மாப்பிள்ளைகள், கோயில் கொடை விழாக் கமிட்டி, ஜாதகம் பார்க்கிறவர் என்று எல்லோருக்கும் அவரிடம் கேட்க ஏதாவது இருந்தது. காதில் விழுந்த எந்த அழைப்பையும் அவர் எடுக்காமல் விட்டதில்லை. போன் என்னுடையது இல்லை தம்பி, ஊருடையது என்பார். போனில் பாட்டுக் கேட்ட காலத்தில், பல்லவி ஓடும், முதல் சரணம் ஓடும், அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். எந்தப் பாட்டுக்கும் இரண்டாவது சரணம் என்ன என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று. பிளேயருக்கு யாரும் கூப்பிட முடியாது. கூப்பிட்டது பைக்குள் கேட்கவில்லை என்றால் அது பொய்யும் இல்லை. ஒரு பாட்டை முழுசாகக் கேட்பதற்கு அவரிடம் இருந்த ஒரே வழி அந்தத் தீப்பெட்டிதான்.

அது ஒரு கோடையில் செத்தது. பேட்டரி உப்பி, பின்மூடி சாப்பாட்டுக்குப் பிந்திய வயிறுபோல எழுந்து நின்றது. ரிப்பேர்க் கடையில் ஒரு பட்டாணியர் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. கலாஸ், முடிந்தது என்றார். அண்ணாச்சி மறுபடியும் போனுக்கே போனார். ஹால் மாறிவிட்டது. குளிக்கும்போது முனகுவார், பல்லவி, முதல் சரணம், பிறகு சிக்னலில் நின்ற ரயில்போல நின்றுவிடுவார். பக்கத்துத் திரைக்குப் பின்னால் கிடக்கிற எனக்கு மூச்சு முட்டும்.

எங்களால் தாங்க முடியவில்லை. ஐந்து பேரும் சேர்ந்து புதுப் பிளேயர் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. தேடியவன் முருகேசன். மூணரை ஓட்டையும் பக்கவாட்டில் நிஜப் பித்தான்களும் இருக்கிற ஒன்றை, இணையத்தில் எங்கிருந்தோ பிடித்தான். ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் கட்டிலைச் சுற்றி நின்று கொடுத்தோம். அண்ணாச்சி பித்தான்களைத் தடவிப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை என்று நினைக்கிறேன். டொக். படுத்துக் கண்ணை மூடினார்.

பல்லவி போயிற்று. அவர் பெருவிரல் ஆடுவதை வைத்துச் சொல்கிறேன். முதல் சரணம் போயிற்று. நாங்கள் பிரசவ அறை வாசலில் நிற்பதுபோல நின்றோம். இடையிசை முடிந்திருக்க வேண்டும், பெருவிரல் நின்று, மெல்ல அடுத்த சரணத்துக்குத் தயாராயிற்று.

பிளேயர் அதிர்ந்தது. மணி அடித்தது. அதன் சின்னத் திரை முழுக்க ஒரு மீசை வந்து நின்றது. அண்ணாச்சியின் தங்கை வீட்டுக்காரர்.

முருகேசன் அன்பானவன். அன்பு கூடிப்போனால் நம்மூர்க்காரர்கள் செய்கிற காரியத்தைத்தான் செய்திருந்தான். அண்ணாச்சி வீட்டோடு பேசுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று, அறை வைஃபையில் இணைத்து, அவர் கணக்கைப் போட்டு, வீடியோவில் பேசுகிற ஆப்பையும் ஏற்றி வைத்திருக்கிறான்.

மாப்பிள்ளைக்குப் பின்னால் குடும்பமே திரையில் நெருக்கியடித்தது. லுங்கியோடு, காதில் ஒயரோடு படுத்திருந்த அண்ணாச்சி ஒயரைப் பிளேயரிலிருந்து பிடுங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். அப்போதும் கோபப்படவில்லை. நல்லாயிருக்கேன் மாப்ள, பார்க்கேன் மாப்ள, சொல்லுதேன் மாப்ள என்று வாசல் நிலைக்கான மரம் பற்றிப் பேசி முடித்தார். இதில் பாட்டெல்லாம் கேட்பீர்களா மச்சான், அதுதான் பஸ்ஸில் போகும்போது கூப்பிட்டால் எடுப்பதில்லையா, ஆத்திர அவசரத்துக்கு நாங்கள் என்ன செய்வது என்று மாப்பிள்ளை கேட்டதும் எங்களுக்குக் கேட்டது.

திரை அணைந்தது. முருகேசன், “ண்ணே, ஊட்ல பேசறதுக்குத்தாண்ணே போட்டேன்” என்றான்.

“ஏல முருகேசா, வீட்டுல பேச எனக்குத் தெரியாதா?” அண்ணாச்சி பிளேயரைத் தலையணை மேல் வைத்தார். “இந்த நாட்டுல எனக்குன்னு இருந்தது ஒரு பாட்டுல பாதி. மிச்சப் பாதியக் கேக்கதுக்குத்தான் இவ்வளவு பாடும். அதுக்குள்ளயும் ஆளக் கொண்டாந்து உக்கார வச்சுட்டியேடா.”

ஆப்பை நானே எடுத்தேன், வைஃபையையும் நிறுத்தினேன். பிரயோஜனமில்லை. ரகசியம் வெளியே போய்விட்டது. அதன் பிறகு போனைப் பைக்குள் போட அவருக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் ஒரு கையில் பிளேயர், மறு கையில் போன். கண்ணை மூடுவார், திறந்து போனைப் பார்ப்பார். பாட்டு ஓடும், அவர் கேட்க மாட்டார்.

இரண்டாவது நாளே அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டேன். யார் கூப்பிட்டாலும் நான் பேசுகிறேன், உயிர் போகிற விஷயம் என்றால் மட்டும் உங்கள் தோளைத் தட்டுகிறேன் என்றேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே ஒயரைச் சிக்கெடுத்தார். பிறகு டொக்.

அன்றிலிருந்து ஜெபல் அலி போய்ச் சேரும்வரை அவர் குடும்பத்துக்கு மூத்தவன் நான்தான். அண்ணாச்சி சூப்பர்வைசரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பேன். அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. கொஞ்ச நாளில் என்னிடமே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தென்காசிக்குப் பக்கத்தில் அவர் கட்டிய வீட்டில் குளியலறை டைல்ஸ் வெளிர்பச்சை. அந்த நிறம் நான் சொன்னது. அந்த வீட்டை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பக்கத்தில் அவர் கண் மூடியிருப்பார். இரண்டாவது சரணத்தில் அவர் முகம் எப்படி மாறும் என்பதை எழுத எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், ஒருமுறையும் வரவில்லை. மழை பெய்யுமுன் மண் கறுத்து நிற்குமே, அதற்குக் கிட்டத்தில் ஏதோ ஒன்று.

போன வருஷம் விசாவை ரத்து செய்துவிட்டு ஊருக்கே கிளம்பினார். மத்தியான ஃப்ளைட். அனுப்பி வைக்க நான் மட்டும் போனேன். வாசலில் டிராலியை நிறுத்தியதும் பிளேயரை எடுத்து என் கையில் வைத்தார். ஊரில் என்னை யார் கூப்பிடப்போகிறார்கள், எல்லோரும் பக்கத்திலேயே அல்லவா இருப்பார்கள் என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஒயரை அவரே என் காதில் மாட்டினார், பித்தானை அழுத்தினார்.

பல்லவி முடியவில்லை, என் போன் அடித்தது. திருச்சியிலிருந்து என் மனைவி. நான் எடுக்குமுன் அவர் கை நீண்டு போனை வாங்கிக்கொண்டது. ஒயர் வழியாகப் பாட்டும், அதற்கு அப்பாலிருந்து அவர் குரலும் கேட்டன. “தம்பி ஒரு வேலையா நிக்காரும்மா. முடிச்சுட்டுக் கூப்பிடுவாரு. நீங்க சொல்லுங்க, பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?”

கதவு திறந்து திறந்து மூடியது. அவர் ஃப்ளைட்டின் பெயரைச் சொல்லி உள்ளேயிருந்து அறிவித்தார்கள். அவர் நகரவில்லை. டிராலியைப் பிடித்தபடி, என் வீட்டுக் கதையைக் கேட்டபடி, கண்ணை என் முகத்தில் வைத்தபடி நின்றார். கடைசி வரி ஓய்ந்து நான் ஒயரைக் கழற்றியதும் போனை நீட்டினார்.

“ரெண்டாஞ் சரணம் கேட்டீரா?”

கேட்டேன் அண்ணாச்சி என்றேன்.

“அப்பம் சரி. நான் போயிட்டு வாரேன்.”