வாத்து மூக்குக்குள் ஒரு மனிதர்

செத்த பறவையைப் பாடம் செய்து போட்டிக்குக் கொண்டுவருகிறவர்களில் அலகுக்காரர் என்று ஒரு தனி இனம் உண்டு. பயப்படாதீர்கள், கடிக்கமாட்டார், பேச ஆரம்பித்தால்தான் ஆபத்து. அடியேனும் அந்த இனம்தான். ஆனாலும் இன்றைக்கு என்னிடம் மாட்டியவர் அமெரிக்காவில் எங்கள் மினசோட்டா பறவைப் பாடம் செய்வோர் சங்கத்து வெர்லின் ட்வெய்ட்.

அலகுக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? விருந்தில் வான்கோழியைப் பொன்னிறமாக வாட்டி மேசையில் வைத்தால், ஊரெல்லாம் நாக்கைச் சப்புக்கொட்டும், அவர் மட்டும் "தலை எங்க?" என்பார். அவர் வீட்டு ஃப்ரீசரில் பட்டாணி தேடிக் கையை விட்டால் வாத்துத் தலை வரும். உயிரோடு நீந்துகிற வாத்தைப் பார்த்தே, "அலகு கொஞ்சம் சரியில்ல" என்று உதட்டைப் பிதுக்குவார். படைத்தவனுக்கே மதிப்பெண் போடுகிற ஆள்!

போன வருஷம் நடுவர் வெர்லினின் வாத்து மூக்குக்குள் சின்ன டார்ச்சை அடித்து, கடுகளவு பசை காய்ந்து கிடப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். முதல் பரிசு போயிற்று. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. இந்த வருஷம் அதே பரிசை வாங்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு, நவம்பர் வேட்டையில் சுட்டு ஃப்ரீசரில் வைத்திருந்த ரட்டி இன ஆண் வாத்து ஒன்றை வெளியே எடுத்தார். செத்த அலகு காய்ந்து சுருங்கும், நிறமும் போய்விடும். ஆகவே புதிதாக உருவாக்கி வர்ணம் பூச வேண்டும். எந்த வர்ணம்? மே மாதம் முழுக்கச் சதுப்புக் கரையில் குப்புறப் படுத்து, கொசுக்களுக்கு விருந்து வைத்து, உயிருள்ள ரட்டிகளின் அலகைத் தொலைநோக்கியில் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு ஓடிவந்து பூசி, சுரண்டி, மறுபடி பூசி, கடைசியில் அந்த வான நீலத்தைப் பிடித்தேவிட்டார்.

ஜூன் மாதம் ஒரு நாள் மனைவி ராக்சானைக் கூப்பிட்டார்.

"இந்த மூக்கு ஓட்டை வழியா பாரு. அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியுதா?"

"தெரியுது. ஆனா வெர்லின், இந்த உடம்பு..."

"உடம்ப விடு! மூக்கப் பத்தி ஏதாவது இருந்தா சொல்லு."

"மூக்குக்கு என்ன, ராஜா மாதிரி இருக்கு. ஆள விடு சாமி."

போட்டி நாள் வந்தது. நடுவர் ஆர்விட் கஷூபா குனிந்து டார்ச்சை அடித்தார். ஒளி ஒரு துவாரத்தில் புகுந்து மறு துவாரத்தில் வெளியே வந்தது.

"யப்பா! இவ்வளவு சுத்தமான மூக்க என் ஆயுசுல பாத்ததில்ல!"

வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றார். பாவி, நகராமல் இருந்திருக்கக் கூடாதா?

"வெர்லின், இத எப்போ சுட்ட?"

"நவம்பர்ல."

"அதான பாத்தேன். மே மாசம் அலகு நீலமாச்சுன்னா உடம்பும் துருச் செவப்பா மாறணும். குளிர்ல ரெண்டுமே சாம்பல். உன் வாத்து குளிருக்குக் கோட்டு மாட்டிக்கிட்டு, மூக்குக்கு மட்டும் கோடை வச்சிருக்கே, ஏம்ப்பா?"

கூடமே கொல்லென்று சிரித்தது. பரிசு யாரோ கொண்டுவந்த காட்டுக்கோழிக்குப் போனது. வெர்லினுக்கு இது தெரியாதா? சங்கத்தில் இதையே வகுப்பாக எடுத்தவர் அவர்தான்! மூக்கை விட்டு உடம்பைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்து மேசையில் நான் என் வாத்தின் நாக்கைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். கால்களை வலது இடது மாற்றி ஒட்டியிருப்பதை நடுவர் எனக்குக் காட்டினார்.

திரும்பும் வழியில் வெர்லின் ராக்சானைக் கேட்டார்:

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஜூன்லயே தெரியும்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"எங்க சொல்ல விட்ட?"

நீங்கள் எதற்கு இப்படிச் சிரிக்கிறீர்கள்? ராப்பகலாக நீங்களும் எதையோ இழைத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? எதுவானாலும் சரி, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு ஜூனிலேயே தெரிந்திருக்கும்.