வரைபடச் சாமி சொன்ன விலை

பொழுது விடிந்தும் விடியாததுமாக விடுதி வாசலில் வரிசை வளைந்து நின்றது. உள்ளே, குளிரூட்டிய அறையில், வரைபடச் சாமி எழுந்தருளியிருந்தார். சடை கிடையாது, தாடி கிடையாது. கோட்டு, டை, தங்க நிறக் கண்ணாடி. எதிரே ஒரு கணினி. திரையில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் நெளியும். வந்தவரின் தொழிலைக் கேட்பார். கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். பிறகு காதோடு காதாக ஒரே ஒரு வாக்கு: விலை ஏறும், அல்லது விலை இறங்கும். வியாபாரிகளுக்கு அவ்வளவுதான். காணிக்கைக்குப் பெயர் ஆலோசனைக் கட்டணம். பெயர் நவீனமாகிவிட்டால் ஏமாறுவதும் நாகரிகமாகிவிடுகிறது.

ஒரே ஒரு நிபந்தனை.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வாயை விட்டு வந்துட்டா சந்தை கேட்டுடும். அப்புறம் வாக்கு பலிக்காது.”

சந்தைக்குக் காது உண்டு என்று ஊரே நம்பியது. பட்டம் வாங்கியவர்கள் ஒருபடி அதிகமாகவே நம்பினார்கள். அவர்களுக்குத்தான் அந்தக் கோடுகள் புரிவது போலிருந்தது.

வாக்கு பலித்தவர்கள் தெருத்தெருவாகப் புகழ்ந்தார்கள். பலிக்காதவர்கள்? அவர்கள் மறுபடி போய் நின்றால் சாமி வருத்தத்தோடு ஒரு கேள்வி கேட்பார்: “யார்கிட்டயோ சொல்லியிருக்கீங்க, இல்லையா?” தூக்கத்தில் உளறியிருப்போமோ என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். பணமும் போய், பழியும் தன் தலையில்.

பேக்கரிக்காரரின் மனைவி அந்த ஊர் நகரசபை உறுப்பினர். ஊருக்கு அவர் உறுப்பினரம்மா. அன்று மாலை சபைக் கூட்டம் முடிந்து தலைவலியோடு வீடு திரும்பியவருக்குக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. ஒருக்களித்து உள்ளே நுழைந்தால் நடையெல்லாம் மாவு மூட்டை. கூடத்தில் மூட்டை. கட்டிலுக்கடியில் மூட்டை. மகள் ஒரு மூட்டையின் மேல் சம்மணமிட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இது வீடா கிடங்கா?”

பேக்கரிக்காரர் ஞானம் பெற்றவரைப் போல் புன்னகைத்தார். “காரணம் கேக்காத. பொறுத்திருந்து பாரு.”

“இவ்வளவு மாவுக்கு ஏது பணம்?”

புன்னகை கொஞ்சம் சுருங்கியது. அவர் கண் மகளிடம் போய்த் திரும்பியது. உறுப்பினரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மகளின் கல்லூரிக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் மாவாகிவிட்டது.

“யார்கிட்ட வாங்குனீங்க?” என்றார், மெதுவாக.

“உன் தம்பிகிட்டதான். பாவம், மச்சானுக்கு விவரம் போதாது. கிடங்கையே காலி பண்ணி என்கிட்ட தள்ளிட்டான். சிரிப்பை அடக்குறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.”

உறுப்பினரம்மா வந்த காலோடு தம்பியின் பிஸ்கட் ஆலைக்குப் போனார். அடுப்புகள் ஆறிக் கிடந்தன. மாவு விலை சரியட்டும் என்று வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தான் தம்பி. அவர்களில் ஒருத்தி கூலி கேட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“மாமா பாவம்க்கா,” என்றான் தம்பி. “நல்ல மனுஷன், ஆனா விவரம் பத்தாது. அத்தனையும் என் தலைமேல இருந்து எடுத்துக்கிட்டார்.”

“நீயும் அந்த விடுதிக்குப் போனியா?”

தம்பி சுவரைப் பார்த்தான்.

“சரி, வாயால சொல்ல வேண்டாம்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்கு ஒரே எரிச்சல். ஒருவன் புருஷன், ஒருவன் கூடப் பிறந்தவன். ஒரே அறைக்குள் போய், ஒரே சிரிப்போடு வெளியே வந்து, ஒருவரையொருவர் முட்டாள் என்று நினைத்துப் பரிதாபப்படுகிறார்கள். இரண்டு பேர் நினைப்பதும் சரிதான் என்பதுதான் வேடிக்கை.

வீட்டு வினை அப்படி. ஊர் வினை அதைவிடப் பெரிது. நகரப் பேருந்தை நிறுத்திவிட வேண்டும் என்று நகரசபைத் தலைவர் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். காரணம் கேட்டால், எரிபொருள் விலை ஏறப்போகிறதாம். யார் சொன்னது என்று கேட்டால், சொல்லக்கூடாதாம். தையல் ஆலைப் பெண்களும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகளும் இனி எதில் போவது என்பதைப் பற்றி மட்டும் அந்தக் கோடு எதுவும் சொல்லவில்லை. கூடவே இன்னொரு தீர்மானம்: வரைபடச் சாமியே நகரசபையின் பொருளாதார ஆலோசகர்.

உறுப்பினரம்மா மறுநாள் தலைவரைப் போய்ப் பார்த்தார். “இவ்வளவு பெரிய மனுஷருக்கு மூடுன அறையில வச்சா பதவி கொடுக்கிறது? ஊரைக் கூட்டி மரியாதை பண்ணுவோம்.”

தலைவருக்கு வாயெல்லாம் பல்.

கூட்ட நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. சாமி கணினியும் தானுமாக மேடையில் நடுநாயகமாக அமர்ந்திருந்தார். வாழ்த்திப் பேச எழுந்தார் உறுப்பினரம்மா.

“ஐயாகிட்ட வாக்கு வாங்காத ஆளே இங்க இல்லை. அதை வாயால சொன்னா பலிக்காது. யாரும் சொல்ல வேண்டாம். ஆனா காலுக்கு அவர் தடை போடலையே. விலை ஏறும்னு கேட்டவங்க வலது பக்கம் போய் நில்லுங்க. இறங்கும்னு கேட்டவங்க இடது பக்கம்.”

சாமி அவசரமாக எழுந்தார். “இது முறையில்லம்மா. சந்தைக்கு…”

“சந்தைக்குக் காதுதான் இருக்குன்னு சொன்னீங்க. கண்ணும் இருக்கா?”

முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாற்காலிகள் இழுபட்டன. கூட்டம் எழுந்து நகர்ந்தது. ஊர் தலை வகிடு எடுத்தது போல இரண்டாகப் பிரிந்து நின்றது. அப்பா வலதில், மகன் இடதில். முதலாளி இடதில், கணக்குப்பிள்ளை வலதில். பேக்கரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே மச்சான்.

“நீயுமா?” என்றார்.

“மாமா, அந்த மாவு…” என்றான் தம்பி.

“இன்னொண்ணு,” என்றார் உறுப்பினரம்மா. “பதவி கேட்டுப் போனவங்களுக்கு ஐயா வேற வாக்கு சொல்றாராம். அடுத்த தலைவர் நீங்கதான்னு யாருக்குச் சொன்னாரோ, அவங்க மட்டும் கை தூக்குங்க.”

தலைவர் பெருமையாகக் கை தூக்கினார். எதிர்க்கட்சித் தலைவரும் தூக்கினார். பின் வரிசையில், போன தேர்தலில் டெபாசிட் இழந்தவரும் தயங்கித் தயங்கித் தூக்கினார்.

சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். “பொருளாதாரம் தெரியாதவங்களுக்கு இது முரண்பாடாத் தோணும். குறுகிய காலத்தில் ஏறும். நீண்ட காலத்தில் இறங்கும். ரெண்டு வாக்கும் உண்மை.”

கொஞ்சப் பேர் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கென்றே பிறந்த தலைகள் எந்த ஊரிலும் உண்டு.

“நீண்ட காலம் கிடக்கட்டும். நாளைக் காலையைச் சொல்லுங்க,” என்றார் உறுப்பினரம்மா. “எங்க பேக்கரி ரொட்டி விலை ஏறுமா, இறங்குமா? எல்லாருக்கும் கேக்குற மாதிரி, ஒரே வாக்கு.”

சாமி வாய் திறப்பதற்குள் வலது பக்கத்திலிருந்து பேக்கரிக்காரர் பேசினார். பேசவைத்தது கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரியாது.

“சொல்லுங்கய்யா. விலை போடுறவன் நான்தான். ஏறும்னு சொன்னா இறக்குவேன். இறங்கும்னு சொன்னா ஏத்துவேன்.”

சாமி கணினியைப் பார்த்தார். கோடுகள் வழக்கம்போல் நெளிந்துகொண்டுதான் இருந்தன. பதில் சொல்லத்தான் அவற்றுக்குத் தெரியவில்லை. பிறகு சிரிப்பு கிளம்பியது. சிரிப்புக்குப் பின்னால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் குரல்கள் கிளம்பின. மேடையை விட்டு இறங்கவிடாமல் சாமியைச் சூழ்ந்துகொண்டவர்களில் வலதும் இருந்தது, இடதும் இருந்தது.

பேருந்துத் தீர்மானத்தையும் ஆலோசகர் தீர்மானத்தையும் தலைவர் அங்கேயே திரும்பப் பெற்றார். ஆலைத் தம்பி பாதி மூட்டைகளை வாங்கிய விலைக்கே எடுத்துக்கொண்டு மறுநாளே அடுப்பை மூட்டினான். மீதி மூட்டைகளைப் பேக்கரிக்காரர் வாய் திறக்காமல் ரொட்டியாக்கினார்.

அன்று கூட்டம் கலையும்போது ஒரு பெரியவர் உறுப்பினரம்மாவின் வழியை மறித்தார்.

“எல்லாம் சரிம்மா. இனிமே நாங்க யாரைப் போய்க் கேக்குறது?”

“பக்கத்துல நிக்கிறவரைக் கேளுங்க. அவருக்கு என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. அதை முன்னாடியே கேட்டிருந்தா இந்தக் கூட்டமே தேவைப்பட்டிருக்காது.”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சும்மா சொல்கிறார்கள். ‘ரகசியம்’ என்று ஒரு மூடி இருக்கிறது. எந்த ஊர் வாய்க்கும் பொருந்தும். அதைக் கோட்டுப் போட்டவன் கொண்டுவந்தாலும் கொடி பிடித்தவன் கொண்டுவந்தாலும், உள்ளே வேகிறது நம் மூளைதான்.