றோட்டை வெட்டச் சொல்லுங்கோ, பெரியப்பா

மன்னார்,
ஐப்பசி, மழைக்கு முன்.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அமிர்தநாயகம் பெரியப்பாவுக்கு,

உங்கள் மகள்முறை றஞ்சிதா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை, ஆகவே சுகம். அந்தோனியார் புண்ணியத்தில் நீங்களும் பெரியம்மாவும் கொழும்பில் கால் நனையாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகன் ஜெனோஜன் இப்போதுதான் நித்திரையானான். அவன் எழும்புவதற்குள் முடிக்க வேண்டும், எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

உங்கள் அரசாங்கக் கந்தோர் அச்சடித்த காலநிலைப் புத்தகம் எங்கள் ஒழுங்கைக்கும் வந்து சேர்ந்தது. அட்டையில் ஒரு கிரவல் றோட்டு, பின்னால் காற்றாலை, றோட்டின் நடுவே பிளாஸ்ரிக் கதிரையில் ஒரு பெரியவர், சுற்றிவரச் சனம், ஒரு கழுதை, பக்கத்தில் கைக்குழந்தையோடு பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். கீழே, 'மூத்தோரின் வழிகாட்டலில் காலநிலைச் சவாலை எதிர்கொள்ளும் மக்கள்' என்று நல்ல தமிழில் இருக்கிறது. அந்தத் தமிழ் உங்களுடையது, அங்கே மொழிபெயர்ப்பது நீங்கள் ஒருவர்தானே. அந்தப் பெண் நான், பெரியப்பா. கதிரையில் இருப்பவர் என் மாமனார் பஸ்ரியன். அவர் ஒருவருக்கும் வழிகாட்டவில்லை.

தேர்தல் நேரம் வயிற்றில் பிள்ளையோடு வீடு வீடாகப் போய், புதிதாக ஆட்சிக்கு வருகிறவர்கள் எங்களைக் கேட்காமல் இந்தத் தீவில் ஒரு கல்லும் நாட்டமாட்டார்கள் என்று சொன்னவள் நான்தான். பொய் சொல்லவில்லை, கேட்டார்கள். கூட்டம் வைத்தார்கள், குறிப்பெடுத்தார்கள், காற்றாலை வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள், தேத்தண்ணி தந்தார்கள், பிறகு வேலையைத் தொடங்கினார்கள். புவியியல் படித்தவள் என்பதால் எனக்கு இரண்டு பக்கமும் இடி. கடல் ஏறுகிறது, உலகம் சூடாகிறது, காற்றில் மின்சாரம் எடுப்பது நல்லது என்று வீட்டில் சொன்னால் மாமனார் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைக்கிறார். எங்கள் ஒழுங்கைத் தண்ணீர் கடலுக்குப் போகிற பள்ளத்தை, காற்றாலைக்குப் போடுகிற உங்கள் றோட்டு மறிக்கிறது என்று கூட்டத்தில் சொன்னால், படித்த பிள்ளை நீங்களே அபிவிருத்திக்கு எதிராகப் பேசலாமா என்கிறார்கள். கணினியோடு வந்த தம்பி வரைபடத்தைக் காட்டி, அந்த இடத்தில் தண்ணீரே இல்லை அக்கா என்றார். அந்தப் படம் எப்ப எடுத்தது தம்பி என்று கேட்டேன். ஆவணியில் எடுத்ததாம். ஆவணியில் இங்கே கழுதைக்கே தண்ணீர் இல்லை. கடைசியில் என் கருத்து உள்வாங்கப்பட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். றோட்டுக்குக் கீழே தண்ணீர் போக ஒரு மதகுகூட வைக்கவில்லை.

போன கார்த்திகையில் மழை வந்தது, தண்ணீர் போக இடமில்லாமல் எங்களோடு தங்கிவிட்டது. முன்வீட்டு றோஸ்மேரி அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, உன்ர அரசாங்கம் என்ர குசினிக்குள்ள வந்திட்டுது, வந்து கூட்டிக்கொண்டு போ" என்றா. கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் ஏற, ஒழுங்கைச் சனம் முழுக்கப் போய் ஏறினது எங்கே என்று நினைக்கிறீர்கள். அந்த றோட்டில்தான். வேறு மேடு ஏது. மாமனார் மட்டும் அசையவில்லை. றோட்டுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தன்று கோயில் வாசலில் நின்று, அந்த றோட்டில் என் கால் படாது என்று மாதாவைச் சாட்சி வைத்துச் சத்தியம் பண்ணியவர் அவர்.

"கால் படாட்டி உடம்பு மிதக்கும் அப்பா" என்றார் உங்கள் மருமகன் மில்ரன்.

"மிதக்கட்டும். கடலில மிதந்து பழகின உடம்புதானே."

றோஸ்மேரி அக்காதான் வழி சொன்னா. "கால்தானே படக்கூடாது? கதிரை ஒண்டும் சத்தியம் பண்ணேல்லையே."

ஆகவே அவரைக் கதிரையோடு தூக்கி, பெருநாளுக்கு மாதா சுரூபம் எடுத்துப் போவதுபோலக் கொண்டுபோய் றோட்டில் வைத்தோம். காலைத் தூக்கிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் ஒரு கழுதை வந்து அவருடைய சாரத் தலைப்பைச் சப்பத் தொடங்கியது. இறங்கித் துரத்த முடியாது, சத்தியம். "அடி மருமோளே, இதை ஒருக்கால் கலையடி" என்று அவர் கத்த, நான் சிரித்துவிட்டேன். அதே நேரம் மற்றப் பக்கத்தால் ஜீப்பில் வந்த உங்கள் கந்தோர் ஆட்கள் பறக்கிற கமெராவை மேலே விட்டார்கள். இவ்வளவுதான் பெரியப்பா உங்கள் வழிகாட்டல்.

இப்போது பூசை முடிந்து அவர் வெளியே வந்தால், "வழிகாட்டி வாறார், இடம் விடுங்கோ" என்கிறார்கள். உன் பெரியப்பன்தான் படத்துக்குக் கீழே அப்படிப் போட்டவன் என்று மாமனார் என்னோடு கதைப்பதுமில்லை. அதைக்கூடத் தாங்குவேன். தாங்க முடியாதது வேறு. போன மழைக்கு ஜெனோஜன் கைக்குழந்தை, வைத்த இடத்தில் இருந்தான். இந்த மழைக்கு நடக்கிறான். தண்ணீரைக் கண்டால் கை தட்டிக்கொண்டு ஓடுகிறான். தேங்காய் கழுவின சட்டிக்குள்ளேயே தலையை விடுகிற பிள்ளையை, கட்டில் உயரத் தண்ணீரில் நான் எத்தனை நேரம் பிடித்துவைப்பேன். அம்மா முருங்கனுக்குத் தன் வீட்டுக்கு வா என்கிறா. போனால் வீட்டைத் தண்ணீருக்கே எழுதிக்கொடுத்த மாதிரி. எனக்குக் களைத்துவிட்டது பெரியப்பா. காலநிலைக் கொள்கை எதுவும் கேட்கவில்லை, மதகும் கேட்கவில்லை. ஒரு மெசினை அனுப்பி றோட்டைக் குறுக்கே வெட்டிவிடச் சொல்லுங்கோ. தண்ணீர் தன் வழி பார்த்துப் போய்விடும். மழைக்கு முன் வெட்டச் சொல்லுங்கோ, உடனே, நாளைக்கே என்றாலும் சரி. மேலிடத்துக்குப் போகிற கடிதங்கள் உங்கள் மேசையால்தானே போகின்றன, இதையும் அவர்களுடைய மொழியில் மாற்றி மேலே வையுங்கோ, மாற்றும்போது கோபத்தைக் குறைக்க வேண்டாம்.

பெரியம்மாவின் முழங்கால் வலி குறைய மன்றாடுகிறேன். நீங்கள் பிடிக்கிற பேனாவை அந்தோனியார் நேராக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள்
றஞ்சிதா மில்ரன்

பி.கு: கடிதத்தை மடிக்கும்போதே மழை பிடித்துவிட்டது, இந்த முறை முந்திக்கொண்டு. றோஸ்மேரி அக்கா வீட்டார் றோட்டில் ஏறிவிட்டார்கள், நாங்களும் போகிறோம். மாமனாருக்குக் கதிரையை எடுக்க மில்ரன் உள்ளே போனார். அதற்குள் அவர் ஜெனோஜனைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல், வெறுங்காலோடு அந்த றோட்டில் ஏறி நடந்துகொண்டிருக்கிறார். ஆகவே பெரியப்பா, மேலே எழுதியதை இப்போதைக்கு ஒருவருக்கும் காட்ட வேண்டாம். றோட்டை வெட்ட வேண்டாம். நாங்கள் அதன்மேல் நிற்கிறோம்.