மலை தெரியாத மூலை

மூக்குப்பொடியை விடுவது என்று நான் முடிவெடுத்தது கார்த்திகை தீபத்தன்று. முடிவு என்னுடையது. எடுக்க வைத்தது என் மனைவி தனம்.

அதற்கு முந்தின வாரம் அவள் தம்பி வேணுவுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண் நீட்டிய காப்பித் தட்டின் மேல் நான் ஒரு தும்மல் போட்டேன். காப்பியும் போச்சு, சம்பந்தமும் போச்சு. இனி ஒரு சிட்டிகை போட்டாலும் கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகத் தனம் சொல்லிவிட்டாள். எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அதை விடுங்கள், அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் வராது.

மலையைப் பார்த்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். எங்களுக்கு மலைதான் சாமி. ஊர்க்காரன் கோர்ட்டில் பொய் சொல்வான், மலையைப் பார்த்துச் சொல்ல மாட்டான். நான் வார்த்தையை அளந்துதான் விட்டேன்.

"மலை கண்ணுல படற எடத்துல பொடியத் தொட மாட்டேன்."

தனம் உடனே தலையாட்டினாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

திருவண்ணாமலையில் மலை தெரியாத இடமே இல்லை என்பது மறுநாள்தான் உறைத்தது. நான் வேர்க்கடலை எடை போடும் மல்லாட்டை மண்டி வாசலில் மலை. சலூன் கண்ணாடியில் மலை. செங்கம் ரோட்டில் பஸ் ஏறிப் பார்த்தேன், பின்கண்ணாடியில் கூடவே வந்தது. கடைசியில் என் வீட்டிலேயே கிடைத்தது ஒரு மூலை. சமையலறைக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத சாமான் அறை. பொடி டப்பாவைப் பழைய புளிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். எலி பார்க்கிறேன் என்று காலையும் மாலையும் உள்ளே போவேன். ஒரு இழுப்பு இழுத்தால் உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறும். டப்பா என்னவோ குறையவே இல்லை. நான் அவ்வளவு கட்டுப்பாடாகப் போடுகிறேன் என்று எனக்கே பெருமை. மண்டியில் எல்லோருக்கும் மனக்கட்டுப்பாடு பற்றிப் பிரசங்கம் வேறு செய்தேன்.

மாசியில் ஒரு காலை. வழக்கம்போல எலி பார்க்கப் போனேன். சிட்டிகையை மூக்கருகே கொண்டுபோனபோது கையில் வெயில் விழுந்தது. ஜன்னல் இல்லாத அறையில் ஏது வெயில்? அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ரெண்டு ஓடுகளைக் காணோம். அந்தச் சந்தில் மலை உச்சி.

எனக்கு உயிரே போய்விட்டது. டப்பா கைநழுவிக் கொட்டியது. படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கதவருகே தனம் நின்றிருந்தாள்.

"எலி கெடச்சுதாங்க?"

"ஓடு எங்கடி?"

"வேணுவ ஏத்தி நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"தொட்டுட்டேன் தனம், ஆனா இழுக்கல. ஊருக்குப் போயிடாத."

"நான் எதுக்குப் போறேன்? நீங்க பொடிய வுட்டு ரெண்டு மாசமாவுது."

"என்னது?"

"மார்கழியிலயே அதைக் கொட்டிட்டேன். டப்பாவுல இருந்தது வறுத்த கேழ்வரகு மாவு. காரத்துக்குக் கொஞ்சம் சுக்கு."

உச்சந்தலை வரை ஏறியது கேழ்வரகா? சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"பின்ன எதுக்குடி கூரையப் பிரிச்சே?"

தனம் கீழே கொட்டியிருந்த மாவைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்:

"கேழ்வரகு விக்கற வெலையில உங்க மூக்குக்கு எவ்ளோதாங்க அரைக்கறது?"