மருந்துக்கடைக்காரரின் சோலார் ஊற்று

"ஏங்க, இது ஊத்தா, ஒழுகலா?"

மனைவி இப்படிக் கேட்டபோது மருந்துக்கடைக்காரர் குளத்தோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். குளம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் இருந்த அதில் ஒரு ஆள் இறங்கிப் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதில் கொஞ்சம் தங்கமீன்கள். நடுவில் ஒரு சிமெண்ட் தாமரை. அந்தத் தாமரையிலிருந்து தண்ணீர் பீறிட்டு மேலே எழ வேண்டும் என்பது ஏற்பாடு. எழவில்லை. பல் முளைக்காத குழந்தையின் வாயோரம் வழிகிற மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

"மேகம்" என்றார் அவர். "மேகம் போகட்டும், அப்புறம் பாரு."

"நேத்து மேகமே இல்லையே."

"நேத்து தூசி."

மனைவி மேற்கொண்டு கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனாள், அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தக் குளத்துத் தவளை ஒழுங்காகத்தான் இருந்தது. கெட்டது மருந்துக்கடைக்காரர். தெருமுனைப் பூங்காவில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஒரு குளம் உண்டு. தண்ணீர் தேங்கி, பாசி பிடித்து, கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியாக இருந்தது. தண்ணீரை ஓட விட ஒரு நீரூற்று வைக்கலாம் என்று குடியிருப்போர் சங்கம் முடிவெடுத்தது. கரண்டில் ஓடுவதா, வெயிலில் ஓடுவதா என்பதில் சண்டை. சங்கத்தின் செயலாளர் பேக்கரிக்காரர், கரண்ட் கட்சி. "சோலார்லாம் பொம்மைங்க. வாங்கின அன்னிக்கு அழகா இருக்கும்" என்பார். தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தெருவே அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். "பிள்ளைங்க கைவிட்டு விளையாடுற தண்ணியில கரண்ட் ஒயரா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது" என்பார்.

இந்தச் சண்டை மருந்துக்கடை வாசலில் நடந்த அன்றைக்கு, மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்த இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க வீட்டுக் குளத்துல சோலார்தான். ஆள் உயரத்துக்கு அடிக்குது" என்றார்.

அன்றைக்கு சோலார் பம்ப் வந்த பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை.

வேறு யார் சொல்லியிருந்தாலும் காற்றில் போயிருக்கும். ஆனால் மருந்துக்கடைக்காரர் சொன்னால் அந்தத் தெருவில் அப்பீலே கிடையாது. சாப்பாட்டுக்கு அப்புறம் என்று சொன்னால் அப்புறம்தான். இந்த மாத்திரை உங்களுக்கு வேண்டாம் என்று சொன்னால், கையில் காசோடு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போவார்கள். அந்த ஒரு பெயரைத்தான் அவர் வாழ்க்கையில் சம்பாதித்து வைத்திருந்தார். அதைப் போய் ஒரு தண்ணீர்க் குழாயில் பணயம் வைத்துவிட்டார்.

சொன்னதை உண்மையாக்கிவிட்டால் பொய் இல்லையே என்று பாடுபட ஆரம்பித்தார். வேலியோரம் நிழல் விழுகிறது என்று சோலார் தகட்டைத் தூக்கித் தோட்டக் கொட்டகையின் கூரையில் வைத்தார். ஒயர் எட்டவில்லை. கையில் அகப்பட்ட பழைய ஒயரையெல்லாம் முடிச்சுப் போட்டு நீட்டினார். வழிந்துகொண்டிருந்ததும் நின்று சொட்ட ஆரம்பித்தது. சருகு அடைக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. கடையிலிருந்து பேண்டேஜ் துணி கொண்டுவந்து பம்ப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"அதுக்கு அடிபட்டுடுச்சா மாப்ளே?" என்று கேட்டார் மாமனார். மகளைப் பார்க்க வந்து ஒரு மாதமாகத் தங்கியிருப்பவர்.

கட்டுப் போட்டபின் சொட்டுவதும் நின்றுபோயிற்று. தோற்றவன் இன்னொரு ஆட்டம் கேட்பதுபோல, கடையிலிருந்து வருகிற வழியில் தண்ணீரில் மிதக்கிற சோலார் விளக்குகளையும் வாங்கி வந்தார். அவை பகல் முழுக்க வெயில் குடித்துவிட்டு, சாயங்காலம் மின்மினிக்கே இரக்கம் வரும்படி ஒளிர்ந்தன. தவளை அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இத்தனை நாளில் சோலாரால் பலன் கண்டது அது ஒன்றுதான்.

இந்த லட்சணத்தில், பிரஷர் மாத்திரை வாங்க வந்த டீச்சரம்மா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை காலையில உங்க வீட்டுக்கு வர்றோம் சார். உங்க ஊத்தை ஒரு தடவை பாத்துட்டா முடிவு பண்ணிடலாம். உங்க வார்த்தையே எனக்குப் போதும், ஆனா செயலாளர் கண்ணால பாக்கணுங்கிறார்."

"தாராளமா வாங்க" என்றது அவர் நாக்கு. அதைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போல இருந்தது அவருக்கு.

சனிக்கிழமை ஒரு கரண்ட் பம்ப் வாங்கி வந்தார்.

"தண்ணிக்குள்ள கரண்டா?" மனைவி வாசலிலேயே மறித்தாள். "டீச்சரம்மா எதுக்காகச் சண்டை போடுறாங்களோ, அதையே பண்றீங்களே. வராதீங்க, ரிப்பேர்னு சொல்லிடுங்களேன்."

"ரிப்பேர்னு சொன்னா பேக்கரிக்காரர் சிரிப்பாருடி."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாரு."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும். அவங்க போனதும் எடுத்துடுறேன்."

ஒயரைப் புல்லுக்கு அடியில் புதைத்து, சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, அடுப்புக்குப் பக்கத்து சுவிட்சில் மாட்டினார். புதுப் பம்ப்பின் குழாயையும் பழைய பம்ப்பின் குழாயையும் சேர்த்துத் தாமரைக்குள் செருகினார். பழையது இருக்கட்டும், டீச்சரம்மா ஒயர் எங்கே போகிறது என்று குனிந்து பார்க்கிற ரகம். இனிமேல் அது ஓடவா போகிறது, பார்வைக்குத்தானே என்று, தகட்டைக் கூரையிலிருந்து இறக்கிப் புல்வெளி நடுவில் ஒரு நாற்காலியில் கொலு வைத்தார். அசிங்கமாகத் தொங்கிய முடிச்சு ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டு, தகட்டோடு வந்த ஒயரையே பழைய பம்ப்பில் மாட்டினார். பம்ப்பின் பேண்டேஜ் கட்டையும் அவிழ்த்தார். தகட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார்.

ஞாயிறு விடிந்ததும் ஒத்திகை. அவர் இருமினால் மனைவி சுவிட்சைப் போட வேண்டும், மூக்கை உறிஞ்சினால் அணைக்க வேண்டும். இருமினார். தண்ணீர் ஆள் உயரத்துக்குச் சீறியது. மீன்களெல்லாம் பயந்து கல்லுக்கு அடியில் ஒளிந்தன. அவருக்கும் எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது.

மிச்சம் இருந்தது மாமனார்.

"மாமா, அவங்க போற வரைக்கும் நீங்க ரூம்லயே இருங்க."

"ஏன், நான் என்ன தப்பா பேசிடப் போறேன்?"

"சரியா பேசிடுவீங்க மாமா. அதான்."

மாமனார் முணுமுணுத்துக்கொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வந்தவர்களை வீட்டுக்குள் விடாமல் பக்கவாட்டு கேட் வழியாகவே தோட்டத்துக்கு அழைத்துப் போனார் மருந்துக்கடைக்காரர். வானம் மூடியிருந்தது. டீச்சரம்மா நாற்காலி மேல் பளபளத்த தகட்டைப் பார்த்து, "பிள்ளையை ஸ்கூலுக்கு ரெடி பண்ணின மாதிரி வச்சிருக்கீங்களே" என்றார். பேக்கரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஊத்து எங்க?"

மருந்துக்கடைக்காரர் இருமினார். ஒன்றும் நடக்கவில்லை. பலமாக இருமினார். தாமரை அசையவில்லை.

"உங்க கடையிலயே நல்ல சிரப் இருக்குமே" என்றார் டீச்சரம்மா.

மூன்றாவது தடவை நெஞ்சு கிழிய இருமினார். அதே நேரம் மேகம் விலகிப் புல்லில் வெயில் விழுந்தது. தாமரையிலிருந்து தண்ணீர் எழுந்தது. காலையில் சீறிய உயரம் இல்லை, இடுப்பு அளவுதான். குழாய் கொஞ்சம் நழுவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் பார்க்க அழகாக இருந்தது. மீன்கள்கூட மேலே வந்து அதைச் சுற்றி வந்தன.

"ஆள் உயரம்னீங்க?" என்றார் பேக்கரிக்காரர்.

"உச்சி வெயில்ல" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"மேகம் வந்தா?"

கேட்டு வாய் மூடவில்லை, ஒரு மேகம் வந்தது. தண்ணீர் தாழ்ந்து தாழ்ந்து நின்றுபோனது. மேகம் நகர்ந்தது. தண்ணீர் மறுபடி எழுந்தது.

மருந்துக்கடைக்காரர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அவர் மூக்கை உறிஞ்சவே இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் மனைவி முகம் வெளுத்து நின்றாள். இவள் என்ன, தானாகவே மேகத்தைப் பார்த்துப் பார்த்து சுவிட்சைப் போட்டு அணைக்கிறாளே. காய்கறிக்காரர் ஒரு தக்காளி கூடுதலாகப் போட்டுவிட்டால் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். ஒரே ஒரு ராத்திரியில் அவளை இப்படி ஒரு கைதேர்ந்த பித்தலாட்டக்காரியாக ஆக்கிவிட்டோமே என்று நொந்துகொண்டார்.

"மேகத்துக்கு நிக்கத்தான் செய்யும் செயலாளரே" என்றார் டீச்சரம்மா. "பூங்காவுக்கு இது போதும். ஓடுறப்போ ஓடட்டும், கொசு முட்டை வைக்காம இருந்தா சரி. நான்தான் சொன்னேனே, இவர் வாயில பொய் வராதுன்னு."

இவருக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன.

"ஒத்துக்கிறேன்" என்றார் பேக்கரிக்காரர். கட்டியிருந்த கையை அவிழ்த்து நீட்டினார். "நான் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன் சார். மனசுல வச்சுக்காதீங்க."

அந்தக் கையைப் பிடிப்பதைவிட அடி வாங்கியிருக்கலாம் என்று இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவனிடம் மன்னிப்புக் கேட்கிறாரே மனிதர். மருந்துக்கடைக்காரர் கையை வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார், நீட்ட மனம் வரவில்லை.

டீச்சரம்மா குளத்தங்கரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டார்.

"கரண்ட் ஒயர் இல்லாத தண்ணி. பிள்ளைங்க இப்படித்தானே கையை விடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் கையைக் கொண்டுபோனார்.

"கையை எடுங்க!"

மருந்துக்கடைக்காரர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேருமாகப் புல்லில் சாய்ந்தார்கள். தெருவில் டீச்சரம்மாவின் கையைப் பிடித்து இழுத்த ஆள் என்று அதுவரை யாரும் கிடையாது.

"என்ன சார் இது?" என்றார் டீச்சரம்மா மூச்சு வாங்க.

"அதுக்குள்ள கரண்ட் பம்ப் இருக்குங்க." குரல் அவருக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "கரண்ட்லதான் ஓடுது. ஒயர் புல்லுக்கு அடியில இருக்கு. சோலார் ஒரு நாளும் ஓடினதில்ல. உங்ககிட்ட பெருமையடிச்ச அன்னிக்கு நான் பெட்டியைக்கூடப் பிரிக்கல."

பேக்கரிக்காரர் தண்ணீரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அப்ப அந்த மேகம்?"

"அது என் வீட்டுக்காரி."

ஜன்னலில் இருந்த முகம் மறைந்தது.

"அவ மேல தப்பில்ல. நான்தான் செய்ய வச்சேன். வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா."

தாமரை மட்டும் வெட்கமில்லாமல் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டீச்சரம்மா எழுந்து புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டார். பரீட்சையில் காப்பி அடித்துப் பிடிபட்ட நல்ல பையனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்.

"பிள்ளைங்க கைவிடுற தண்ணின்னு தெரிஞ்சுமா?"

"இழுத்தேனேங்க" என்றார் அவர். 

"இழுத்தீங்க. அதனாலதான் நின்னு பேசிட்டிருக்கேன்." டீச்சரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "தினமும் ராத்திரி நீங்க குடுத்த மாத்திரையை என்னன்னு திருப்பிக்கூடப் பாக்காம முழுங்குறேன் சார். இனிமே பாப்பேன். அதுதான் எனக்கு வருத்தமா இருக்கு."

மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளக்கூடக் கூச்சமாக இருந்தது. பேக்கரிக்காரர் மெதுவாக அவர் தோளைத் தொட்டு, "சரி விடுங்க. பூங்காவுக்குக் கரண்டே போட்டுடலாம், என்ன டீச்சரம்மா?" என்றார். டீச்சரம்மா முதல் முறையாக, வேண்டாம் என்று சொல்லாமல் நின்றார்.

அப்போது பின்கதவு திறந்தது. வியர்வையில் தொப்பலாக நனைந்த பனியனோடு, செய்தித்தாளால் விசிறிக்கொண்டே மாமனார் வெளியே வந்தார். பாய்ந்துகொண்டிருந்த ஊற்றைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மாப்ளே, காலையில நீங்க இருமிப் பாத்து முடிச்சதுமே போன கரண்ட், வீட்ல இன்னும் வரல. உங்க சோலார்தான் இந்தப் போடு போடுதே, அதுல என் ஃபேனையும் கொஞ்சம் மாட்டி விடக் கூடாதா?"