கைப்பைக்குக் கூடிய கூட்டம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமியார் எழுதுவது.

உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல் என்று தொடங்குவது மரபு. ஆனால் உங்களையும் என் மகளையும் போன வாரம்தான் டேப்லட்டில் பார்த்தேன். இருவரும் நலம், நீங்கள் கொஞ்சம் கூடுதல் நலம் என்பதைச் சட்டையின் நடுப்பொத்தான் சொல்லிற்று. நானும் நலமே. முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அந்தக் குணம் காலஞ்சென்ற உங்கள் மாமனாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அன்று பேச்சை முடிக்கும் நேரத்தில் நீங்கள் மிகப் பணிவாக, "அத்தை, மாசம் பூரா வர வேண்டிய டேட்டா பாதியிலயே தீந்துபோகுதே, ராத்திரில படம் கிடம் பாக்கறீங்களா?" என்று கேட்டீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் என் மகள் வாயைப் பொத்திச் சிரித்ததும் தெரிந்தது. நான் அப்போது பேசாமல் இருந்தது பதில் இல்லாமல் அல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் எழுத்தில் பதில் தருவதே முறை என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். அந்தப் பெட்டியின் வழியாகக் குறுக்கெழுத்துப் போட்டியையும் உங்கள் இருவர் முகத்தையும் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. இரண்டில் குறுக்கெழுத்து கொஞ்சம் சுவாரசியம்.

போன முறை வந்தபோது, சோப்புக்கட்டி அளவிலான அந்த வைஃபை பெட்டியை என் கையில் வைத்து, "உள்ள சிம் இருக்கு அத்தை, பட்டனை அழுத்தினா போதும், எங்க போனாலும் நெட்டு கூடவே வரும், சூடானா மட்டும் மூடி வைக்காதீங்க" என்றீர்கள். நன்றியோடு கேட்டுக்கொண்டேன். பதிலுக்கு நானும் எங்கள் பள்ளித் தலைவி மதரின் பல்செட் பியானோவுக்குள் விழுந்த சம்பவத்தைச் சொல்லத் தொடங்கினேன். நீங்கள் "ஒரு நிமிஷம் அத்தை, சார்ஜர் கார்லயே இருக்கு" என்று எழுந்து போனீர்கள். சார்ஜர் மேசைமேல் இருந்தது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

விலை கூடிய பொருளை ஆளில்லாத வீட்டில் விட்டுப்போகக் கூடாது என்று, முழங்கால் சிகிச்சைக்குப் போகும்போதெல்லாம் பெட்டியைக் கைப்பையில் கொண்டுபோனேன். அந்த பிசியோதெரபி நிலையத்தில் முன்னறை நீளம், பெஞ்சுகள் கடினம், சுவரில் தொங்கும் எலும்புக்கூட்டின் படத்துக்கு மட்டும்தான் முழங்கால் நேராக இருக்கிறது. ஆரம்பத்தில் என்னை அங்கே ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. பிறகு, நானே வியக்கும்படி, நிலைமை மாறிற்று. தோள்வலிக்கு வரும் தையற்காரர் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். கழுத்துவலிக்கு வரும் டிரைவிங் பள்ளிக்காரப் பெண், நான் வரும் நாளுக்குத் தன் நாளை மாற்றிக்கொண்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் ஓய்வுபெற்ற பல் டாக்டர், காலியாக நாலு பெஞ்சு இருந்தும் எங்கள் பெஞ்சின் விளிம்பில்தான் தொற்றிக்கொண்டு உட்காருவார். மூவரும் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்தான். இந்தக் காலத்தில் யார் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்று விட்டுவிட்டேன். நான் பேசினேன், அவர்கள் "ம்" கொட்டினார்கள். ஒருநாள் நான் போகவில்லையென்றால் "போன தடவை வரலையே, ரொம்பக் கஷ்டமாப் போச்சும்மா" என்பார்கள். அதனால்தான், வரும் விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டு உங்களோடு வந்துவிடும்படி நீங்கள் இருவரும் சொன்னபோது, எனக்கு இங்கே மனிதர் இல்லாமல் இல்லை என்று அவ்வளவு நிமிர்ந்து பதில் சொன்னேன்.

உங்கள் கேள்வி வந்த மறுநாள், பெட்டியைத் தந்த அன்று நீங்கள் காட்டிக்கொடுத்தபடி அதன் சின்னத் திரையில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். வீட்டில் ஒன்று என்று காட்டிற்று, அது நான். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் ஐந்து. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் ஐந்துதான். சத்தம் போடாமல் பெட்டியை அணைத்தேன். மாப்பிள்ளை, புல் மேயும் மாடுகள் ஒரே நேரத்தில் தலை தூக்குமே, அப்படித் தூக்கினார்கள். தையற்காரர் போனை ஜன்னல் பக்கம் நீட்டினார். வரவேற்பு மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். டிரைவிங் பள்ளிக்காரி மட்டும், கழுத்தைத் திருப்பக் கூடாது என்று சொல்லியிருந்தும், முழுதாக என் பக்கம் திரும்பி, "அம்மா, பெட்டி சூடாயிடுச்சான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

"எந்தப் பெட்டி?" என்றேன்.

"உங்க மடிமேல இருக்கறதுதான். கொஞ்சம் ஆறவிட்டுப் போடுங்க, தானா வந்துடும்."

"பாஸ்வேர்டு உனக்கு யார் கொடுத்தது?"

அவள் பெட்டியின் மேல்பக்கத்தைக் காட்டினாள். "நீங்கதானேம்மா எழுதி ஒட்டியிருக்கீங்க?"

உண்மைதான். உன் பொருளில் உன் பெயர் இருக்கட்டும் என்பது எங்கள் பள்ளியின் முதல் பாடம். பென்சிலிலும் எழுதினோம், ரப்பரிலும் எழுதினோம். பெட்டி வந்த அன்றே வெள்ளைச் சீட்டில் என் பெயர், முகவரி, ரத்த வகை, மறந்துபோகாமலிருக்கப் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதி மேலே ஒட்டினேன். சூடானால் மூடி வைக்காதீர்கள் என்று நீங்கள் சொன்னதால் மடியில், சீட்டு மேலே தெரியும்படி வைத்துக்கொண்டேன். "எல்லாருக்கும்னுதான் நினைச்சோம்" என்றார் தையற்காரர், "இவ்வளவு அழகான எழுத்துல யாராவது ரகசியம் எழுதுவாங்களா?" வரவேற்பு மேசைப் பெண் புதிதாக வருகிறவர்களிடம், "நெட்டு வேணும்னா அந்தம்மா பக்கத்துல போய் உக்காருங்க" என்றே சொல்லி அனுப்பி வந்திருக்கிறாள். பல் டாக்டர் என் கணக்கில் ஒரு கிரிக்கெட் தொடரை முழுதாகப் பார்த்து முடித்துவிட்டார்.

ஆக, இரவில் படம் பார்த்தது நானில்லை, அது நிரூபணமாயிற்று. கூடவே இன்னொன்றும் நிரூபணமாயிற்று. அந்தக் கூட்டம் எனக்குக் கூடியதில்லை, என் கைப்பைக்குக் கூடியது. இத்தனை நாள் நான் பேசியதெல்லாம் எலும்புக்கூட்டுப் படத்திடம்தான். இது தெரிந்தபிறகு இங்கே எனக்கு மனிதர் உண்டு என்று வீம்பு பேசுவது நேர்மையாகாது. ஆகவே விடுமுறைக்கு நீங்கள் வரும்போது உங்களோடு கிளம்புகிறேன். வாசல் பக்க அறையை ஒழித்து வைக்கவும், அங்கே நீங்கள் வாங்கிப்போட்ட உடற்பயிற்சி சைக்கிளில் துணி காயப்போடுவது தவிர வேறெதுவும் நடப்பதில்லை என்று எனக்குத் தெரியும், ஈரத் துண்டை நாற்காலிமேல் போடக் கூடாது, கதவை அறைந்து சாத்தக் கூடாது, நான் பேசும்போது சார்ஜர் தேடக் கூடாது, மற்றபடி எனக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. பெட்டியையும் இத்துடன் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.

உங்கள் நடுப்பொத்தான் இன்னும் பல்லாண்டு தாங்கட்டும். என் மகள் உங்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு குறையாதிருக்கட்டும். இருவருக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்

பின்குறிப்பு: எழுதியதை அடிப்பது எங்கள் பள்ளியில் குற்றம். ஆகவே மேலே உள்ளதை அப்படியே விட்டுவிட்டுக் கீழே மறுக்கிறேன். உறையை ஒட்டுமுன் சிகிச்சைக்கு நேரமாகிவிட்டது. திரும்பும் வழியில் அனுப்பலாம் என்று பார்சலோடு போனேன். மூவரும் அதே பெஞ்சில் இருந்தார்கள். "பெட்டி எங்கம்மா?" என்றாள் டிரைவிங் பள்ளிக்காரி. "இதுக்குள்ள. மாப்பிள்ளைக்குத் திரும்பப் போகுது, பின்னாடியே நானும் போறேன்" என்றேன். மூவரும் போனைப் பைக்குள் வைத்தார்கள். எழுந்து போவார்கள் என்று காத்திருந்தேன். பல் டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "போறது இருக்கட்டும். அந்தப் பல்செட்டு கடைசில கிடைச்சுதா இல்லையா?" என்றார். எந்தப் பல்செட் என்று நானே கேட்டுவிட்டேன். "மதரோடதுங்க. தும்மினாங்க, பியானோக்குள்ள விழுந்துது, மறுநாள் ஆண்டு விழா, நீங்க உள்ள கைய விட்டீங்க. அதோட நிறுத்திட்டீங்களே, எனக்கு ராத்திரி தூக்கம் வரல." "கைய விட்டது இவங்க சிநேகிதி சார், இவங்க டார்ச்சு பிடிச்சாங்க" என்றாள் டிரைவிங் பள்ளிக்காரி. "டார்ச்சு இல்ல, மெழுகுவத்தி" என்றார் தையற்காரர். மெழுகுவர்த்திதான்.

உங்கள் மாமனார் இந்தக் கதையில் தும்மலுக்கு முன்பே தூங்கிவிடுவார். என் மகள் "தெரியும்மா" என்பாள். உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மீதியைப் புதன்கிழமை சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்தேன். அது நீளமான கதை, பல புதன்கிழமைகள் ஆகும். ஆகவே நான் வரவில்லை. பார்சலைப் பிரித்துவிட்டேன், புதுச் சீட்டு எழுதி ஒட்டியாயிற்று, இந்த முறை ரத்த வகை மட்டும் இல்லை. டேட்டாவைக் கொஞ்சம் கூட்டிப் போடவும், அடுத்த மாதம் இன்னொரு கிரிக்கெட் தொடர் இருக்கிறதாம். பல்செட் கிடைத்ததா என்று உங்களுக்கும் தெரிய வேண்டுமானால், ஏதாவது ஒரு புதன்கிழமை வந்து அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். சார்ஜரைக் கையோடு கொண்டுவாருங்கள்.