ஆறரைக்கு என்ன இரவு?

இந்த உலகத்தில் இரவைத் தன் சொந்தக் காணியாக நினைத்து, அதன் எல்லையில் யாராவது கால் வைத்தால் கத்திக்கொண்டு ஓடி வந்த ஒரே மனிதர் நெடுந்தீவு மைமல் அண்ணைதான். முன்பு கடற்றொழில், பிறகு எங்கள் அலுவலகத்தில் இரவு வாச்சர். பொழுதுபட்டும் வெளிச்சம் மிச்சமிருக்கிற நேரத்துக்கு அங்கே மைமல் என்று பெயர். "உது இரவில்லை, மைமல்!" என்று நாளுக்கு நாலு சண்டை பிடித்ததால் அதுவே அவர் பெயராகிவிட்டது.

வேலைக்குப் போன முதல் கிழமையே நான் மாட்டினேன். 'கூட்டம் இரவு 6.30' என்று ஒட்டிய அறிவித்தலைக் கிழித்து என் கையிலேயே தந்தார்.

"ஆறரைக்கு என்ன இரவு? மாடே இன்னும் பட்டிக்கு வரேல்லை! கம்பஸிலை உதையோ படிச்சனீர்?"

யாரோ பூப்படத்தோடு 'இனிய இரவு' என்று அவர் போனுக்கு அனுப்ப, அனுப்பியவன் வீட்டுக்கே போய் நின்றார். "இண்டைக்கு முழு நிலவு. மீன் வலையைக் கண்டுட்டு ஓடும். எந்தக் கோதாரிக்கு இனிய இரவு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த ஆளோடு ஒரு சொல் கதைக்க ஏலாதே!

ஒருநாள் பின்னேரம், நான் வாடகைக்கு இருந்த வீட்டு அக்காவுக்கு நாள் முந்திப் பிள்ளைப்பேற்று வலி வந்துவிட்டது. உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார் டொக்டர். துறையில் போட் நிற்கிறது, ஓட்டியும் நிற்கிறார். அக்கரையில் இருந்த அதிகாரியின் அனுமதிதான் இல்லை. போனில் கெஞ்சினேன்.

"இரவாப் போச்சு தம்பி. இரவிலை விட ஏலாது. காலமை பாப்பம்."

மணி ஆறு இருபது. தீவில் பிறந்த குற்றத்துக்கு ஒருத்தி விடியும்வரை வலியில் கிடக்க வேண்டுமா? துறைவரை கூட வந்திருந்த மைமல் அண்ணை என் போனைப் பறித்தார்.

"ஐசே, யன்னலைத் திறந்து மேற்கை பாரும். சிவப்புத் தெரியுதோ? உது மைமல்! நீர் கதவைப் பூட்டினாப்போலை இரவாகிடுமோ? எங்கடை ஆக்கள் தொழிலுக்கு வெளிக்கிடுற நேரம் இது. காலமையோ? அப்ப பிள்ளையையும் காலமை பிறக்கச் சொல்லிக் கடிதம் போடும்!"

போனில் யன்னல் திறக்கிற ஓசை கேட்டது.

"சிவப்பு இருக்குத்தான். சரி, கொண்டு வாங்கோ."

போட் போனது. சற்று நேரத்தில் கடலும் வானமும் ஒரே கறுப்பு. அண்ணை துறையின் சீமெந்துக் கட்டின் மேல் குந்தி அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் ஒரு ஏச்சும் இல்லை. எனக்கு அதுதான் பயம்.

"இப்ப இரவுதானே, அண்ணை?"

"அந்தப் பிள்ளை அக்கரையிலை, குறிகட்டுவான் துறையிலை இறங்குமட்டும் இரவில்லை."

நான் கை மணிக்கூட்டைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டு, அவரோடு ஒட்டி உட்கார்ந்தேன்.